சுட்கிக்கு யார் பதில் சொல்வது?

2020 ஜூன் மாதம். கார்ட்டூன் நாயகன் சோட்டா பீம் வளர்ந்து இளவரசி இந்துமதியைக் கல்யாணம் செய்துகொண்டான், தோழி சுட்கியைக் கைவிட்டுவிட்டான் என்று எங்கிருந்தோ ஒரு செய்தி கிளம்பியது. சுட்கிக்கு நீதி வேண்டும் என்று நாடெங்கும் ஆளாளுக்கு எழுதத் தொடங்கினார்கள். பாதி விளையாட்டு, பாதி உண்மையான கோபம். ஊரடங்கில் வேறு வேலையும் இல்லை. கடைசியில் தொடரைத் தயாரிக்கும் ஹைதராபாத் கிரீன் கோல்ட் அனிமேஷன் நிறுவனமே ஓர் அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. பீம், சுட்கி, இந்துமதி மூவரும் இன்னும் குழந்தைகள்தான், கல்யாணச் செய்தி பொய், காதலையும் கல்யாணத்தையும் அவர்கள் வாழ்க்கைக்குள் கொண்டுவராதீர்கள் என்பது அதன் சாரம்.

ராஜீவ் சிலகா 2001இல் தொடங்கிய நிறுவனம் அது. சோட்டா பீம் 2008இல் போகோ தொலைக்காட்சியில் வந்தது. அப்போது எட்டு வயதில் தரையில் சப்பணமிட்டுப் பார்த்த பிள்ளைக்கு 2020இல் இருபது வயது. கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். கதைக்குள் இருந்தவர்களுக்கு ஒரு நாள்கூட வயது ஏறவில்லை. கேட்டவர்களுக்கோ மீசை முளைத்து, சிலருக்குக் காதலும் முறிந்திருந்தது. “அவர்கள் இன்னும் குழந்தைகள்” என்ற பதில் போய்ச் சேர்ந்தது குழந்தைகளாக இல்லாதவர்களிடம்.

அறிக்கை சரியானது என்றுதான் நினைக்கிறேன். சுருக்கமாக இருந்தது, புதிதாக எந்தக் கதையையும் அவிழ்த்துவிடவில்லை. ஆனால் ரசிகர்கள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. டுன்டுன் மவுசியின் மகளாகப் பிறந்து, லட்டுக்கடை வீட்டிலிருந்து இத்தனை வருஷம் லட்டு எடுத்து நீட்டியவளை, அரண்மனைப் பெண்ணைக் கண்டதும் மறந்துபோவது நியாயமா என்று கேட்டார்கள். பீமன் என்ற பெயரை எடுத்துக்கொண்டவன் இதை எதிர்பார்த்திருக்கவேண்டும். மகாபாரதத்தில் அந்தப் பெயருக்கு உரியவன் முதலில் மணந்தது இடும்பியை. அவள் காட்டிலேயே தங்கிவிட்டாள், அரண்மனைக்கு வந்தது வேறொருத்தி. சிலகாவின் பீமனுக்கும் அந்தப் பீமனுக்கும் பெயரையும் பலத்தையும் தவிர உறவில்லை, தெரியும். கேட்பவர்களின் மனதில் பெயர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

இந்தக் கூச்சலை நான் கேட்டது பெங்களூர் பிரேசர் டவுனில், கோல்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில். பலகைகளில் புலிகேசி நகர். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார். 1898இல் பிளேக் வந்து கண்டோன்மெண்டின் இடுக்கான தெருக்களில் ஜனங்கள் மாண்டபிறகு, காற்று வெளிச்சம் வரும்படி அகலத் தெருக்களும் மனைகளுமாக 1906 வாக்கில் பிரிக்கத் தொடங்கிய பேட்டை இது. மைசூர் இளவரசருக்கு ஆசிரியராக இருந்து பிற்பாடு ரெசிடெண்ட் ஆன ஸ்டூவர்ட் ஃபிரேசரின் பெயர் நிலைத்துவிட்டது. கொள்ளைநோய்க்குப் பயந்து கட்டிய ஊர், 2020இல் இன்னொரு கொள்ளைநோய்க்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. அந்த வருஷ ரம்ஜானில் மாஸ்க் ரோட்டில் ஒரு கபாப் அடுப்புகூட எரியவில்லை. ஹலீம் அண்டாக்கள் இல்லாத அந்தத் தெருவைப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு அகலம் என்று தெரிந்தது.

எங்கள் கட்டடத்தில் தமிழ், தக்கணி உருது, கன்னடம், மலையாளம் நான்கும் உண்டு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, பார்க் பூட்டு. மாடிப்படிதான் எல்லாம். சுட்கி விவகாரம் அங்கேயும் வந்துசேர்ந்தது. அறிக்கையின் சாரத்தை யாரோ ஒரு அக்கா அவர்களுக்குச் சொன்னாள். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, “சின்னப் பசங்கதான்னா, கல்யாணமே வேணாம். ஆனா அவ குடுக்கற லட்டைச் சாப்பிட்டுட்டு, இந்துமதி கூப்பிட்டா மட்டும் ஏன் ஓடறான்?” என்றாள். அருகிலிருந்த பையன், “கைக்கு?” என்று உருதுவில் அதையே திருப்பிக் கேட்டான். ஹைதராபாத் அறிக்கையில் இதற்குப் பதில் கிடையாது. அந்தப் பெண் கதைக்கு வெளியே போகவே இல்லை. திரையில் பார்த்ததை வைத்துத்தான் கேட்டாள்.

நம் தெருக்கூத்தில் இதற்கு ஓர் ஆளையே நியமித்திருக்கிறார்கள். திரைக்குப் பின்னாலிருந்து வேஷக்காரர் பாடிக்கொண்டு வரும்போதே கட்டியங்காரன் குறுக்கே நிற்பான். நீ யார், எந்த நாடு, எதற்காக வந்தாய் என்று மடக்குவான். ராஜாவானாலும் பதில் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போகமுடியும். ஊர் ஜனங்கள் கேட்க நினைத்ததை, கேட்கத் தயங்கியதையும் சேர்த்து, அவன் கேட்டுவிடுகிறான். எழுதிய புலவரைக் கூப்பிட்டு விசாரிக்கும் வழக்கம் அங்கே இல்லை. வேஷம் கட்டியவர் அந்த இடத்திலேயே சமாளிக்கவேண்டும். ஒரு நல்ல கட்டியங்காரனிடம் மாட்டிக்கொண்ட துரியோதனன் வியர்த்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

அச்சுப் பத்திரிகை வந்தபிறகு கேள்வி ஆசிரியரை நோக்கித் திரும்பியது. தமிழ் வாசகர் கேள்வி–பதில் பக்கத்தில் வளர்ந்தவர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த சுஜாதா ஜூனியர் விகடனில் “ஏன்? எதற்கு? எப்படி?” எழுதினார். விஞ்ஞானக் கேள்விகளுக்கு விடை எங்கோ இருக்கிறது, தேடிச் சொல்லிவிடலாம். அவர் கதைகளில் வரும் வக்கீல்கள் கணேஷும் வசந்த்தும் பல வருஷங்களாக அதே வயதில் வழக்காடிக்கொண்டிருந்ததற்கு விடை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸில் ஆசிரியர் எஸ். விஜயனின் “ஹாட்லைன்” பக்கத்தைக் கதைக்கு முன்னால் படிக்கும் கூட்டம் இன்றும் உண்டு. அவர் அந்த நாயகர்களைப் படைத்தவர் அல்ல, தமிழுக்குக் கொண்டுவந்தவர். தமிழ் ரசிகனுக்கு அவர்தான் அவர்களுடைய ஆள். அந்த நாயகர்களில் ஒருவரான டெக்ஸ் வில்லரைப் பற்றி இத்தாலிக்குக் கடிதம் போடவேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

கார்ட்டூன் உலகில் கேள்விக்குப் பதில் சொல்வதையே தவம்போல் செய்தவர் அமெரிக்காவின் கிரெக் வைஸ்மன். 1994இல் டிஸ்னிக்காக அவர் உருவாக்கிய “கார்காயில்ஸ்” தொடர், பகலில் கல்லாகவும் இரவில் உயிரோடும் இருக்கும் சிறகுள்ள காவலர்களைப் பற்றியது. ஸ்காட்லாந்துக் கோட்டை ஒன்றில் ஆயிரம் ஆண்டு கல்லாக உறைந்து கிடந்து, நியூயார்க்கில் கண்விழிப்பார்கள். மூன்றாம் சுற்று தொடங்கும்போதே வைஸ்மன் விலகிவிட்டார். முதல் கதையைத் தவிர அந்தச் சுற்றில் வந்தவற்றைத் தன் கதையாக அவர் ஏற்பதில்லை. தொடர் 1997இல் முடிந்தது. கேள்விகள் முடியவில்லை. கால் நூற்றாண்டுக்கு மேலாக அவர் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ரசிகர்கள் 1997 முதல் 2009 வரை ஆண்டுதோறும் கூடினார்கள். அங்கும் போய் நின்றார்.

முன்பு ஆங்கிலம் கற்பித்தவர், அந்த வாத்தியார் குணம் பதில்களில் தெரியும். கேள்வி சோம்பேறித்தனமாக இருந்தால், படத்தை மறுபடி பார் என்பார். இனி வரப்போகிற கதையைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறக்கமாட்டார். வாய்மொழியாக அவர் சொன்ன துணுக்குகளைக்கூட, திரையிலோ காமிக்ஸிலோ வெளிவரும்வரை உறுதியானதாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது அவர் வைத்த ஒழுங்கு. இந்தக் கடைசி விஷயம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எழுத மறந்ததையெல்லாம் பின்னால் பேட்டியில் சொல்லிச் சேர்த்துக்கொள்ளும் எழுத்தாளர்கள் நம்மிடையே ஏராளம். நாவலில் இல்லாத தத்துவம் முன்னுரையில் இருக்கும், முன்னுரையிலும் இல்லாதது வெளியீட்டு விழாவில் வரும். தன் கதாபாத்திரத்தைப் பற்றித் தானே சொல்வதும் கதை ஆகிவிடாது என்று ஒரு கார்ட்டூன்காரர் நினைக்கிறார். வைஸ்மன் பின்னாளில் அந்தக் கதையை 2006இலும் 2022இலும் காமிக்ஸாகத் தொடர்ந்தார். சொல்ல இருந்ததைக் கதையாகவே சொன்னார்.

அவரிடம் கேட்டால் பதில் வராத கேள்விகளும் உண்டு. கார்காயில்ஸின் கதையும் படவரைவும் கலிஃபோர்னியாவில் பிறந்தன. படங்களை அசையவைத்தவர்கள் பெரும்பாலும் ஜப்பானிலும் தென்கொரியாவிலும் இருந்த ஸ்டுடியோக்காரர்கள். காவலர்களின் தலைவன் கோலியாத்தின் சிறகு மடங்கும்போது அந்தத் தோளில் ஒரு சோர்வு தெரியும். அதைப் போட்டது யார் கை? கேள்விகள் எல்லாம் வைஸ்மனுக்குப் போயின. சியோலில் பென்சில் பிடித்தவருக்கு ஒன்றும் போகவில்லை.

இன்னும் விசித்திரமான ஏற்பாடு ஒன்று நம் வீடுகளுக்கே வந்தது. “ஜாக்கி சான் அட்வென்சர்ஸ்” 2000இல் அமெரிக்காவில் தொடங்கி 95 பகுதிகள் ஓடியது. மூலத் தொடரில் கதை முடிந்ததும் நிஜ ஜாக்கி சான் திரையில் தோன்றி, குழந்தைகள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்வார். எப்போது சண்டை கற்றுக்கொண்டீர்கள், எலும்பு முறிந்திருக்கிறதா என்ற மாதிரி. ஆனால் கார்ட்டூன் ஜாக்கிக்குக் குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் சீ என்ற நடிகர். தொடரை உருவாக்கியவர்கள் என்று பெயர் இருப்பது ஜான் ரோஜர்ஸ், டுவேன் கபிட்ஸி, ஜெஃப் மட்சுடா ஆகியோருக்கு. பதில் சொன்ன முகம் எழுதியதும் இல்லை, வரைந்ததும் இல்லை, பேசியதும் இல்லை. சொந்த முகத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான். குழந்தைகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

2007இல் சன் குழுமத்தின் சுட்டி டிவி தொடங்கி அந்தத் தொடரைத் தமிழில் போட்டபோது கணக்கு மறுபடி மாறியது. பன்னிரண்டு தாயத்துகளைத் தேடி ஜாக்கியும் சிறுமி ஜேடும் ஓடுகிற கதை நகராட்சிப் பள்ளி மைதானம் வரை வந்துவிட்டது. ஜாக்கியின் மாமா திட்டுகிற திட்டும், அடியாட்களின் அசட்டுப் பேச்சும் மூலத்தில் இருந்தவை அல்ல. வாயசைவுக்குள் அடங்கும்படி, சென்னையில் ஒரு டப்பிங் அறையில் யாரோ எழுதிச் சேர்த்தவை. அந்தத் தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வது இந்த வசனங்களைத்தான். இங்கே பிரேசர் டவுனில் எதிரெதிர் வீடுகளில் ஒன்றில் சுட்டி, ஒன்றில் 2009இல் வந்த கன்னடச் சிண்டு டிவி. ஒரே மாதிரிக் கார்ட்டூன்களுக்கு இரண்டு வீட்டிலும் வேறு வேறு இடத்தில் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைப் பற்றி ஜான் ரோஜர்ஸிடம் கேட்டு என்ன பயன்? விடை தெரிந்தவர் கோடம்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறார். ஆனால் பெயர்ப்பட்டியல் ஓடுகிற நேரத்தில் விளம்பரம் ஓடியது.

எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடியில் ஆம்பூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் இருந்தார். வெளிநாட்டுத் தொடர்களுக்கு வேலை எடுத்துச் செய்யும் ஒரு ஸ்டுடியோவில் லைட்டிங். பெங்களூரில் இந்தத் தொழில் பெரிது. அமெரிக்காவின் ட்ரீம்வொர்க்ஸுக்கென்றே டெக்னிகலர் நிறுவனம் இங்கே ஒரு தனிப் பிரிவு நடத்தியது. “புஸ் இன் பூட்ஸ்” படத்தில் அந்தப் பிரிவின் உழைப்பு கணிசமானது. பூனைக் கதையின் தொடர்ச்சியாக வந்த “தி த்ரீ டயப்ளோஸ்” குறும்படம் இங்கேயே உருவானது. அனிமேஷன், காமிக்ஸ், கேமிங் துறைக்கென்று 2012இலேயே ஒரு கொள்கை அறிவித்த மாநிலம் கர்நாடகம்.

ரசிகர்கள் யாராவது உங்களிடம் கேள்வி கேட்டதுண்டா என்று ஒருநாள் அவரிடம் விசாரித்தேன்.

“கேள்விக்கென்ன சார் பஞ்சம்? தினம் காலைல ரீடேக் ஷீட் வந்துடும். முழங்கை ஏன் மேஜைக்குள்ள போகுது, நிழல் ஏன் இந்தப் பக்கம் விழுது, கண்ணுல புள்ளி வெளிச்சம் ஏன் காணோம். எல்லாம் கேள்விதான். பதில் சொல்லக்கூடாது, சரி பண்ணி அனுப்பணும்.”

22 நிமிடக் கதை ஒன்றில் நொடிக்கு 24 வீதம் 31,680 சட்டகங்கள். ஒவ்வொன்றிலும் முழங்கை மேஜைக்கு வெளியே இருக்கவேண்டும். அது சரியாக இருந்தால் யாரும் கவனிப்பதில்லை. தவறினால் மட்டும் கேள்வி வரும். இப்படிப்பட்ட கேள்விகளையே பார்த்துப் பழகியவர்கள்மீது ஒரு ரசிகனின் ஆசைக் கேள்வி எப்படி இறங்கும் என்று எனக்குப் பார்க்கவேண்டும்போல் இருந்தது.

மாடிப்படிப் பிள்ளைகளிடம் இவர் கார்ட்டூன் செய்கிறவர் என்று சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டார்கள். கார்ட்டூனில் எல்லாரும் ஏன் தினமும் ஒரே சட்டை போட்டுக்கொள்கிறார்கள்? புதுச் சட்டை என்றால் புதிதாக ஒரு மாடல் செய்யவேண்டும், அது மடிகிற விதம், அசைகிற விதம் எல்லாவற்றையும் மறுபடி செய்யவேண்டும், செலவு. கையில் ஏன் நாலு விரல்? ஒரு விரல் குறைந்தால் எத்தனை ஆயிரம் விரல் மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள், தவிர சின்னக் கையில் ஐந்து விரல் போட்டால் வாழைச்சீப்பு மாதிரி தெரியும். ஊரில் ஏன் ஆளே இல்லை? ஆள் வைத்தால் அவருக்கும் நடக்கத் தெரியவேண்டும். ராத்திரி ஏன் நீலமாக இருக்கிறது? இதற்கு மட்டும் அவர் முகம் மலர்ந்தது. அவருடைய இலாகா அது. நிஜ ராத்திரியைப் போட்டால் ஒன்றும் தெரியாது. நீலம் பூசி, தலைமுடி ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம் விட்டால், கண் இருட்டு என்று நம்பிக்கொள்ளும், முகமும் தெரியும். அந்தக் கோட்டுக்காக ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறேன் என்றார்.

“அப்போ அவனுக்கு வேற சட்டை வாங்கக் காசு இல்லையா?” என்று கேட்டாள் அந்த ஒன்பது வயதுக்காரி.

“அவனுக்கு இருக்கு பாப்பா. எங்களுக்குத்தான் இல்ல.”

இதைவிட நேர்மையான பதிலை நான் எந்தப் படைப்பாளியின் பேட்டியிலும் படித்ததில்லை. கதையின் ரகசியம் எதுவும் வெளியாகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கும் விதம் மாறிவிட்டது. கூட்டம் வருகிற காட்சியில் “செலவு பண்ணியிருக்காங்க” என்று கத்துவார்கள். இரவுக் காட்சி வந்தால் தலைமுடி ஓரத்தைத் தேடுவார்கள். மாயம் கலைந்துவிடுமே என்று பயந்த ஒரு தாயார் என்னைக் கடிந்துகொண்டார். கலையவில்லை என்பதுதான் நான் கண்டது.

இதற்கு நேர் எதிராக, முதலில் தானே கேள்வி கேட்கும் முறையில் வேலை செய்த ஒருவரும் நம்மிடம் இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, 1956இல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்து, டிஸ்னியிலிருந்து வந்த கிளேர் வீக்ஸிடம் தொழில் பழகிய ராம் மோகன். 1990களில் யூனிசெஃபுக்காக அவர் உருவம் கொடுத்த “மீனா”, தெற்காசியா முழுக்கத் தெரிந்த சிறுமி. முட்டையும் படிப்பும் அண்ணன் தம்பிக்கு மட்டும்தானா என்று கேட்கிறவள். அவள் உருவத்தை முடிவு செய்வதற்கு முன்னாலேயே பல நாட்டுக் கிராமங்களுக்குப் படங்களைக் கொண்டுபோய்க் காட்டி, எந்த முகம், எந்த உடை, எந்தப் பெயர் உங்களுக்குச் சொந்தமாகத் தோன்றுகிறது என்று கேட்டார்கள். எந்த நாட்டுக்கும் அந்நியமாகத் தெரியாத பாவாடையும் சட்டையும் அப்படி வந்தவை. படைத்தவர்கள் முதலில் கேள்வி கேட்டுவிட்டதால், ஏன் அவள் எங்களைப்போல் இல்லை என்ற கேள்வி எழவில்லை. ராம் மோகன் 2019 அக்டோபரில் காலமானார். 2014இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்கு முன்பும் பின்பும், தமிழ்ப் பத்திரிகைகளில் அவரிடம் யாரும் உட்கார்ந்து விரிவாகக் கேட்ட பேட்டி என் கண்ணில் படவில்லை.

2025 பிப்ரவரியில் டெக்னிகலர் உலகெங்கும் சரிந்தது. இந்தியாவில் பெங்களூரிலும் மும்பையிலுமாக ஏறக்குறைய 3,000 பேருக்கு வேலை போனது என்று செய்திகள் எழுதின. வேலை இழந்தவர்களின் எண்ணிக்கை தெரிந்த அளவுக்கு, அவர்கள் அசைத்த முகங்கள் எவை என்று நமக்குத் தெரியாது. இந்த வேலையில் எது யார் செய்தது என்பது ஒப்பந்தத்துக்குள் மறைந்துவிடும். செய்த வேலையைத் தொகுத்துக் காட்டும் ஷோரீல் ஒன்றுதான் சாட்சி, அதையும் வேலை தேடும்போது மட்டுமே காட்டமுடியும். மூன்றாம் மாடி இளைஞர் அதற்கு முன்பே வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

சிலகாவிடம் கேட்பது தவறில்லை. வைஸ்மனிடம் கேட்பதும் தவறில்லை. ஆனால் கதையை யோசித்தவரிடம் மட்டுமே கேள்வி போய்க்கொண்டிருந்தால், கல்யாணம் நடந்ததா இல்லையா என்ற இடத்திலேயே நாம் நின்றுவிடுவோம். கேட்கப்பட வேண்டியவர்கள் இன்னும் நிறையப் பேர் மீதி இருக்கிறார்கள். சுட்டி டிவிக்கு வசனம் எழுதியவர்கள், மாமாவுக்கும் ஜேடுக்கும் தமிழில் குரல் கொடுத்தவர்கள், அந்தக் குரலை வாயசைவுக்குள் வெட்டி ஒட்டிய ஒலிப்பதிவாளர்கள் சென்னையில் இருக்கிறார்கள். இரவை நீலமாக்கியவர்கள் பெங்களூரிலும் ஆம்பூரிலும் ஓசூரிலும் இருக்கிறார்கள். சிறுபத்திரிகை நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு சிறப்பிதழின் நாற்பது பக்கங்களை இவர்களுக்கு ஒதுக்குங்கள். பெயர், ஊர், செய்த தொடர், செய்த வேலை எல்லாவற்றையும் அச்சில் போடுங்கள். போகும்போது கேள்விகளை நீங்கள் தயாரிக்காதீர்கள். தெருவில் விளையாடுகிற பிள்ளைகளிடம் வாங்கிக்கொண்டு போங்கள்.